ஏரி தூரம்

வழி கேட்டு வருகிறவர்களிடம் ஸெனெல் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: கப்பல் எத்தனை மணிக்கு? எங்கே போக வேண்டும் என்று அவர் கேட்பதில்லை. போகிற இடத்தை ஆட்களே சொல்லிவிடுவார்கள். திரும்பி வரவேண்டிய நேரத்தைத்தான் யாரும் தானாகச் சொல்வதில்லை.

துர்ரெஸ் துறைமுக வாசலுக்கு வெளியே, சுங்கச் சுவருக்கும் டாக்ஸி வரிசைக்கும் நடுவில் ஒரு தகரக் கூண்டு. அதற்குள் ஒரு மேசை, ஒரு விசிறி, ஒரு நாற்காலி. மேசையின் ஒரு கால் குட்டை. வெளியே சுவரோரம் ஒரு பெஞ்சு. நகராட்சி அவரை அங்கே உட்காரவைத்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன் இருபத்தேழு வருடம் ரயிலில் கார்டு. துர்ரெஸிலிருந்து ஏரிக்கரைக்குப் போகும் வண்டி அவருடையது. கால அட்டவணைப்படி ஆறரை மணி நேரம். உண்மையில் ஏழு, எட்டு. ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. ஆட்கள் வேனுக்கு மாறினார்கள். ஒருநாள் வண்டி ஓடவில்லை; மறுநாளும் ஓடவில்லை. யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. ஸெனெல் மட்டும் இன்னும் ஒரு வாரம் சீருடை போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

இப்போது அறுபத்து நான்கு வயது. நின்று நின்று உழைத்ததில் கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டன. காலை எட்டு மணிக்கே முழங்காலுக்குக் கீழே ஈயத்தை ஊற்றியதுபோல் கனக்கும். ரத்தக் கொதிப்பு வேறு. காப்பியை விட்டுவிடச் சொல்லியிருந்தார் டாக்டர்.

சுற்றுலாக் கப்பல் வரும் நாட்களில் இரண்டாயிரம் பேர் இறங்குவார்கள். அவர்களில் பத்துப் பதினைந்து பேராவது ஏரியைக் கேட்பார்கள். கப்பலில் ஏதோ படம் மாட்டி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது: நீலத் தண்ணீர், மலை, கரையில் ஒரு படகு. ஸெனெல் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்வார். இத்தாலிய மொழியில், ஆங்கிலத்தில், கையால்: ஏரி தூரம். கோட்டைக்குப் போங்கள், கடற்கரைக்குப் போங்கள், ரோமானியர் கட்டிய அரங்கத்தைப் பாருங்கள், பத்து நிமிட நடைதான். ஏரி தூரம்.

அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. கூண்டில் உட்கார்ந்த முதல் கோடையில், ஒரு டச்சுத் தம்பதியை அவர் ஏரிக்கு வேனில் ஏற்றிவிட்டார். போகும்போது எல்லாம் சரியாக நடந்தது. திரும்பும்போது வேனில் ஆறு பேர். எட்டுப் பேர் சேராமல் எந்த வேனும் கிளம்பாது. இன்னும் இரண்டு பேருக்காக டிரைவர் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தான். அவன்மேல் குற்றமில்லை, அதுதான் வேனின் சட்டம். அந்தத் தம்பதி துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது கப்பல் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்திருந்தது. கடவுச்சீட்டு, மாத்திரை, மாற்றுத்துணி எல்லாம் அதற்குள். மூன்று நாள் ஸெனெல் வீட்டிலேயே தங்கினார்கள். அவர் மனைவி லியே கீரை வைத்துப் பைரெக் சுட்டுப் போட்டாள். நல்ல மனிதர்கள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதன்பிறகு ஒருவரையும் அவர் ஏரிக்கு அனுப்பவில்லை. வேண்டாம் என்று தடுப்பவனிடம் யாரும் திரும்பி வந்து நன்றி சொல்வதில்லை. அவன் தடுத்தது நடக்கவே இல்லையே, எதற்காகச் சொல்வார்கள்? டாக்ஸிக்காரர்கள் அவருக்கு 'முடியாதண்ணன்' என்று பெயர் வைத்தார்கள். அவர்களில் லுல்ஸிம் என்பவன் இரண்டு மாதமாகப் பேச்சையே நிறுத்தியிருந்தான். ஏரிக்குப் போக அவன் காரில் ஏறி உட்கார்ந்துவிட்ட இருவரிடம் ஸெனெல் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, கப்பல் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டார். அவர்கள் இறங்கிவிட்டார்கள். அது பெரிதில்லை. மறுநாள் லுல்ஸிம், போனால் போகட்டும் என்று எதிர்க்கடையிலிருந்து கூண்டுக்கு ஒரு காப்பி அனுப்பினான். ஸெனெல் ரத்தக் கொதிப்பை நினைத்து, தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். அதோடு முறிந்தது. பகையை ஆற்றத்தான் காப்பி அனுப்புவார்கள். அது ஆடாமல் அசையாமல் திரும்பி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டாக்டர் சொன்னார் என்பதெல்லாம் அதில் வராது. இது ஸெனெலுக்குத் தெரியாததல்ல. எழுந்துபோய் விளக்கம் சொல்லக் கால் வரவில்லை. நாளை, நாளை என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது.

செப்டம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. எட்டேகால் மணி. கப்பலிலிருந்து இறங்கிய கூட்டம் தொப்பிகளும் முதுகுப் பைகளுமாகக் கலைந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பொருந்தாத ஒரு பெண்மணி கூண்டின் முன் வந்து நின்றார். எழுபது வயதிருக்கும். கறுப்பு உடை, கறுப்புச் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை.

ஸெனெல் இத்தாலிய மொழியில் கேட்டார். "கப்பல் எத்தனை மணிக்கு?"

"அஞ்சரைக்கு ஏணியைத் தூக்கிடுவாங்களாம். நம்ம பாஷையிலயே பேசு தம்பி. நான் போக்ரதெட்ஸ்காரி."

போக்ரதெட்ஸ், ஏரிக்கரை ஊர். அவருடைய பழைய வண்டி கடைசியாக நிற்கும் இடம்.

"ஏரி தூரம் அக்கா."

"ஏரி இருந்த இடத்துலதான் இருக்கு. நான்தான் தூரமாப் போயிட்டேன். எதுல போனா சீக்கிரம் போகலாம், அதைச் சொல்லு."

"எதுல போனாலும் திரும்பி வந்து சேர முடியாது. போக மூணு மணி நேரம், வர மூணு. இன்னைக்கு வேற மலைப்பாதையில பாறை உடைக்கிறாங்க. லிப்ராஜ்துக்கு அந்தாண்ட பத்துலேருந்து பன்னெண்டு வரைக்கும் ரோட்டை மூடிடுவாங்க."

"வேன் நிக்குதே."

"அஞ்சு பேருதான் ஏறியிருக்காங்க. எட்டு ஆகறதுக்குள்ள ஒன்பது மணி ஆயிடும். போய் ரோட்டு அடைப்புல நிக்கும்."

அவர் வாதாடவில்லை. சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே ஒரு கிலோ காப்பித்தூள் பொட்டலமும் அதன்மேல் சர்க்கரைப் பொட்டலமும் தெரிந்தன. ஸெனெல் பார்வையை விலக்கிக்கொண்டார். சாவு கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோவது அது.

"யாருக்கு அக்கா?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"தங்கச்சி வீட்டுக்காரர். சாமின்னு பேரு."

"உங்க தலை நல்லா இருக்கட்டும்" என்று, துக்கம் விசாரிக்கிறவர்கள் சொல்வதைச் சொன்னார். "எப்ப?"

"நாலு வருஷம் ஆச்சு."

அந்தப் பெண்மணி, எத்தனையோ முறை தனக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொல்கிறவராகச் சொன்னார். பெயர் நாஃபியே. முப்பத்தைந்து வருடமாகக் கடலுக்கு அப்பால், இத்தாலிய நகரமான பாரியில் இருக்கிறார். சாமி இறந்தபோது அவருடைய கணவர் பக்கவாதத்தில் விழுந்து கிடந்தார். திருப்பிப் படுக்கவைக்க, வாயில் ஊட்ட, கழுவிவிட அவர் ஒருவர்தான். தங்கைக்கு ஃபோன் செய்தார். தங்கை ஹைரியே ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாளே தவிரப் பேசவில்லை. நேரில் வந்து உட்காராத துக்கம் துக்கமாகாது. அதன்பின் நாஃபியே கூப்பிடவில்லை. போன குளிர்காலத்தில் கணவரும் போய்ச் சேர்ந்தார். அதற்கு ஹைரியே வரவில்லை.

"இப்பப் பையன் எத்மோன்ட் கப்பல்ல கூட்டிட்டு வந்தான். மனசு மாறட்டும்னு. அவங்கல்லாம் கடற்கரைக்குப் போயிருக்காங்க. ஊருக்குள்ள நடந்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"ஏன் அக்கா, பாரியிலேருந்து இங்க தினம் படகு வருதே. ஒரு வாரம் தங்குற மாதிரி ஆற அமர வந்திருக்கலாமே?"

நாஃபியே பையின் வாயை மூடிக் கட்டினார். "ஒரு வாரத்துக்கு எனக்கு தைரியம் இல்ல தம்பி. அவ முகத்தை ஒரு வாரம் பார்க்க முடியுமா? ரெண்டு மணி நேரம்னா முடியும். கப்பல் காத்திருக்கு, நான் போகணும்னு சொல்லிட்டு எழுந்திரிச்சு வந்துடலாம். இப்ப போகலைன்னா அப்புறம் எப்பவுமே போக மாட்டேன்."

ஸெனெல் இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். ஒன்பது வருடமாகக் கப்பலின் நேரத்தை ஆட்களைத் தடுக்கும் சுவராகவே அவர் பயன்படுத்தி வந்தார். இந்தப் பெண்மணிக்கு அதே நேரம் ஊன்றுகோலாக இருந்தது. கப்பல் கிளம்பிவிடும் என்பதால்தான் அவரால் கிளம்பவே முடிந்தது. அதைப் பாராட்ட ஸெனெலுக்குத் தோன்றவில்லை. கோழைத்தனம் என்றும் பட்டது. ஆனால் எதிர்க்கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த லுல்ஸிமைப் பார்த்தபோது, தன் கோழைத்தனத்துக்கு ஊன்றுகோல்கூட இல்லை என்பதும் புரிந்தது.

மணி எட்டு இருபத்தெட்டு.

ஒரு தாளை எடுத்து, ரயிலில் எழுதிய பழக்கப்படி கடைசியிலிருந்து மேலே எழுதிக்கொண்டு போனார். ஐந்தரை, ஏணி. நான்கு, இந்த வாசல். ஒன்று, அங்கிருந்து புறப்பாடு. பதினொன்று, வீடு. பத்துக்குள், லிப்ராஜ்தைத் தாண்டியாக வேண்டும். அப்படியானால் எட்டு நாற்பதுக்கு இங்கிருந்து கிளம்ப வேண்டும். வேன் கிடையாது. தொண்ணூறில் ஓட்டி, வளைவில் குறையாமல், பத்துக்குள் லிப்ராஜ்தைத் தாண்டக்கூடியவன் அந்த வரிசையில் ஒருவன்தான் இருந்தான்.

"அடையாள அட்டை கையில இருக்கா? கப்பல்ல வெச்சிட்டு வரலையே?"

"பையில இருக்கு."

"மாத்திரை?"

"இருக்கு. ஏன்?"

"எல்லாரையும் கேட்கிறதுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து சாலையைக் கடந்தார்.

அவர் வருவதைப் பார்த்ததும் கடையில் பேச்சு நின்றது. டிரைவர்கள் நான்கு பேர். லுல்ஸிம் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு சவாரி இருக்கு" என்றார் ஸெனெல்.

"அடேயப்பா, முடியாதண்ணன் சவாரி கொண்டு வந்திருக்காரு" என்றான் ஒருத்தன். "எங்கண்ணே, முக்கு வரைக்குமா?"

"போக்ரதெட்ஸ். போய்ட்டுத் திரும்பணும். அஞ்சரைக் கப்பல்."

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். லுல்ஸிம் சிரிக்கவில்லை. "ஏரி தூரம்னு கேள்விப்பட்டேன்" என்றான், கோப்பையிடம்.

"சாவு வீட்டுக்குப் போறாங்க லுல்ஸிம். எட்டு நாற்பதுக்குக் கிளம்பினாத்தான் முடியும்."

லுல்ஸிம் தலையைத் திருப்பி, சாலைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் இருந்த கறுப்பு உடையைப் பார்த்தான். பிறகு கடைக்காரனைக் கூப்பிட்டான். "ஒரு காப்பி போடு. அண்ணனுக்கு."

"நேரமில்லப்பா."

"உட்காருங்க. காப்பி வரும். குடிங்க. நான் கிளம்புறேன்."

"எனக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் காப்பியே..."

"ரெண்டு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாமே அதை? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

சொல்லியிருக்கலாம்தான். ஸெனெல் உட்கார்ந்தார். காப்பி வர மூன்று நிமிடம் ஆனது. அந்த மூன்று நிமிடமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததும் கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் விழுங்கினார். நாக்கு வெந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. "மெதுவா, மெதுவா, கப்பலா போகுது?" என்றான் ஒருத்தன். லுல்ஸிம் அதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு சாலையின் நடுவே போய்விட்டான்.

தாளை அவன் கையில் கொடுத்து ஸெனெல் சொன்னார்: "ஒரு மணிக்கு வாசல்ல நின்னு ஹார்ன் அடி. எழுதியிருக்கேன் பாரு. உள்ளயிருந்து அவங்களால எழுந்து வர முடியாது. நீதான் வெளியே இழுக்கணும்."

எட்டு நாற்பத்திரண்டு. நாஃபியே பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். கார் திரும்பும்போது கையசைக்கவில்லை.

அன்று கூண்டுக்கு அறுபது, எழுபது பேர் வந்தார்கள். ஏரி கேட்டவர்கள் ஒன்பது பேர். ஏரி தூரம் என்று ஒன்பது முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் ஒருத்தி அங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்து, பொய் சொல்வதுபோல் இருந்தது. பத்து மணிக்கு லுல்ஸிம் ஃபோன் செய்து, 'தாண்டியாச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டான். பிறகு ஒன்றும் இல்லை. காப்பி அவருடைய காதுக்குள் குதித்துக்கொண்டிருந்தது. மதியம் லியே கட்டிக் கொடுத்த தயிரையும் ரொட்டியையும் பாதி தின்றுவிட்டு, செருப்பைக் கழற்றிக் காலை விசிறிப் பக்கம் நீட்டிக்கொண்டார்.

மூன்றரையிலிருந்து கடிகாரம் மெதுவாகிவிட்டது. நான்கு மணிக்கு அவர் வெளியே வந்து நின்றார். நான்கு பத்துக்கு லுல்ஸிமைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. நான்கு இருபதுக்கும் எடுக்கவில்லை. ரயிலில் வேலை பார்த்தபோது தாமதம் அவரைப் பாதித்ததே இல்லை. எல்லா வண்டியும் தாமதம்தான், அடுத்ததும் தாமதம்தான், எதுவும் எதையும் தவறவிடவில்லை. கப்பல் வேறு ஜாதி. அது குறித்த நேரத்துக்குப் போகும். அந்த மாதிரி ஒரு பொருளை இந்த ஊரில் கொண்டுவந்து கட்டியதுதான் தப்பு என்று பல நாள் நினைத்திருக்கிறார்.

நான்கரைக்கு ஒருவர் வேகமாக வந்தார். நாற்பத்தைந்து வயது, கையில் ஈரத்துண்டு, முகம் வெயிலில் சிவந்திருந்தது.

"இங்க ஒரு வயசான அம்மாவைப் பார்த்தீங்களா? கறுப்பு டிரெஸ். காலையில ஊருக்குள்ள போறேன்னு போனாங்க. ஃபோன் அடிச்சா எடுக்கல."

இல்லை என்று சொல்லிவிடலாம். ஸெனெலுக்கு மிகவும் பழகிய வார்த்தை அது.

"நீங்க எத்மோன்டா?"

அவர் முகம் மாறியது. "அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. போக்ரதெட்ஸ் போயிருக்காங்க. டாக்ஸியில. நான்தான் ஏத்திவிட்டேன்."

"போக்ரதெட்ஸா? யோவ், நூத்தைம்பது கிலோமீட்டர்! எழுபது வயசு! உங்க வேலை என்ன, கப்பலை விட வைக்கிறதா? இதுக்காகவா உங்களை இங்க உட்கார வெச்சிருக்காங்க?"

ஸெனெல் தடுத்ததற்குத்தான் இதுவரை திட்டு வாங்கியிருக்கிறார். அனுப்பியதற்கு வாங்குவது இதுவே முதல் முறை. திட்டவேண்டிய அந்த டச்சுத் தம்பதி திட்டாமல் போய்விட்டார்கள். அந்தப் பாக்கியும் சேர்ந்து இன்று வருகிறது என்று தோன்றியது. அந்த மனிதர் கூண்டின் தகரத்தில் கையால் அறைந்து, உங்கள் பெயர் என்ன, யாரிடம் எழுத வேண்டும் என்று கேட்டபோது, ஸெனெல் தாளை எடுத்துத் தன் பெயரையும் நகராட்சி முகவரியையும் தெளிவாக எழுதிக் கொடுத்தார்.

லுல்ஸிமின் கார் வந்து நின்றபோது நான்கு நாற்பத்தெட்டு. பின்சீட்டில் ஆள் இல்லை.

எத்மோன்ட் முதலில் ஓடினார். ஸெனெலால் ஓட முடியவில்லை. நடந்துகொண்டே குரல் கொடுத்தார்.

"எங்கடா அவங்க?"

லுல்ஸிம் காரைவிட்டு இறங்கி முதுகை நிமிர்த்தினான். "நல்லா இருக்காங்க. வரல."

"வரலைன்னா?" என்றார் எத்மோன்ட்.

"வரலைன்னா வரல. ஸெனெலண்ணே, ஹார்ன் அடின்னு எழுதிக் கொடுத்தீங்களே, துக்க வீட்டு வாசல்ல ஹார்ன் அடிக்கிறவன் மனுஷனா? நீங்க அடிப்பீங்களா? சாவு கேக்க வந்தவங்களைக் கூட்டிட்டு வந்தவனைக் கார்ல உட்கார விடுவாங்களா? பக்கத்து வீட்டுக்காரன் வந்து கதவைத் திறந்து கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டான். நானும் போய், உங்க தலை நல்லா இருக்கட்டும்னு சொல்லிட்டு உட்கார்ந்தேன்."

ஸெனெல் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் எழுதியவர் இதை எப்படி மறந்தார்? அந்த வீட்டில் ஒரு டிரைவரும் உட்காரவேண்டியிருக்கும் என்பது பத்து வயதுக் குழந்தைக்குத் தெரியும்.

"சரி, அப்புறம்?" என்றார் எத்மோன்ட்.

"அந்தத் தங்கச்சியம்மா கதவைத் திறந்து பார்த்தாங்க. அழல, கட்டிப் புடிக்கல. 'எவ்வளவு நேரத்துக்கு வந்திருக்கே?'ன்னு கேட்டாங்க. உங்க அம்மா 'ரெண்டு மணி நேரம், கப்பல் காத்திருக்கு'ன்னாங்க. 'சரி, உட்காரு'ன்னாங்க. பையைக் கொடுத்தாங்க, வாங்கி அலமாரியில வெச்சாங்க. உட்கார்ந்தோம். எனக்குக் காப்பி வந்துச்சு, சர்க்கரை போடாத காப்பி. பக்கத்து வீட்டுக்காரனுக்கு வந்துச்சு. உங்க அம்மாவுக்கு வரல."

"வரலையா?"

"வரல. ஏதோ மறந்துட்டாங்கன்னு நினைச்சேன். பேசுறாங்க, பேசுறாங்க. தண்ணிக் குழாய் உடைஞ்சது, ஏரியில மீன் குறைஞ்சது, யாரு பையன் ஜெர்மனி போனான். செத்தவரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. காப்பியும் இல்ல. மணி ஒண்ணு ஆச்சு. நான் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். உங்க அம்மா எழுந்திரிக்கப் பார்த்தாங்க. துக்க வீட்டுல காப்பி குடிக்காம எப்படி எழுந்திரிக்கிறது? உட்கார்ந்துட்டாங்க. ஒண்ணே கால், ஒன்றரை. 'ஹைரியே, கப்பல்'ன்னாங்க. அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?"

சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மற்ற டிரைவர்களும் எழுந்து வந்திருந்தார்கள்.

"'டிரைவருக்குக் கொடுத்தாச்சு, அவரு போகலாம். நாலு வருஷம் கழிச்சு வந்தவளுக்கு ரெண்டு மணி நேரத்துல காப்பி வெக்க எனக்குத் தெரியாது. நாளைக்கு வெக்கலாம். நாளன்னைக்கு வெக்கலாம். எனக்கு எப்ப தோணுதோ அப்ப வெப்பேன்'னாங்க."

யாரோ ஒருத்தன் நாக்கைச் சப்புக் கொட்டினான். "பலே கிழவி."

"உங்க அம்மா ஓன்னு அழுதாங்க. அந்தம்மாவும் அப்பத்தான் அழுதாங்க. நான் எழுந்து வந்துட்டேன். வாசல் வரைக்கும் வந்து, 'போயிடுங்க, என் பையன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க'ன்னாங்க."

"நான் கூப்பிட்டேனே, ஏன் எடுக்கல?" என்றார் ஸெனெல்.

"எடுத்து? இதையெல்லாம் வளைவுல ஓட்டிக்கிட்டே சொல்றதா?"

எத்மோன்ட் மறுபடி அம்மாவை அழைத்தார். இந்த முறை எடுத்துவிட்டார்கள். அவர் சற்றுத் தள்ளிப் போய் நின்று, முதலில் உரத்த குரலில், பிறகு தாழ்ந்த குரலில், கடைசியில் ம், ம் என்று மட்டும் பேசினார். திரும்பி வந்தபோது ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஃபோனை ஸெனெலிடம் நீட்டினார்.

"உங்ககிட்ட என்னமோ கேக்கணுமாம்."

"தம்பி," என்றது நாஃபியேயின் குரல், மூக்கடைத்து, "பாரிக்குப் படகு எப்ப?"

"தினமும் உண்டு அக்கா. ராத்திரி பத்து மணிக்கு."

"தினமுமா?"

"தினமும். இங்க வர வேன் இருக்கு. எட்டுப் பேரு சேரட்டும், மெதுவாவே வாங்க."

"சரி தம்பி. காப்பி இன்னும் வெக்கல." பின்னாலிருந்து வேறொரு பெண் குரல் ஏதோ சொல்ல, அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

எத்மோன்ட் ஃபோனை வாங்கிக்கொண்டார். மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. எழுதி வாங்கிய பெயரும் முகவரியும் சட்டைப் பையிலேயே இருந்தன. எழுதுவாரா மாட்டாரா என்பது ஸெனெலுக்குத் தெரியாது. மணி ஐந்து ஐந்துக்கு அவர் துறைமுக வாசலுக்குள் நடந்து மறைந்தார்.

ஆறு மணிக்குக் கப்பல் ஊதியது. ஸெனெல் கூண்டைப் பூட்டினார். வீடு இருபது நிமிட நடை. இந்தக் காலோடு அரை மணி நேரம். அதை நினைத்துக்கொண்டே சாவியைக் கையில் வைத்து நின்றார்.

"அண்ணே," என்று எதிரிலிருந்து லுல்ஸிம் குரல் கொடுத்தான். "வாங்க, உட்காருங்க. வீட்டுல கொண்டுபோய் விடுறேன்."

"காப்பி வேண்டாம்பா."

"மலை டீ சொல்லியிருக்கேன், வெறும் மூலிகைதான். வாங்க."

ஸெனெல் சாலையைக் கடந்துபோய் உட்கார்ந்தார். லுல்ஸிம் காலையில் வாங்கிய தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். எட்டு நாற்பது, பத்து, பதினொன்று, ஒன்று: ஹார்ன், நான்கு, ஐந்தரை. ஸெனெல் அதை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்தார். தூக்கி எறியப்போகிறார் என்று லுல்ஸிம் நினைத்தான். அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எதுக்குண்ணே அது?"

"கூண்டு மேசை ஆடுது. காலுக்கு அடியில வெக்கணும்" என்று சொல்லிவிட்டு, மேசைக்கு அடியில் செருப்பிலிருந்து காலை வெளியே எடுத்து வைத்துக்கொண்டார்.